குமுளி மலை ஏறுகிற காருக்கு நைட்ரஜன் காற்று தேவையா?

கேட்டவருக்கு வீடு கம்பத்தில், வேலை வண்டிப்பெரியாரில். வாரத்தில் பல நாள் குமுளி மலை ஏறி இறங்குகிறார். புது டயர் மாட்டிய கடையில் டயருக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு நைட்ரஜன் அடித்து, பச்சை மூடியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே "இனிமேல் சாதாக் காற்றைக் கலக்கவே கூடாது, கலந்தால் டயர் வெடிச்சிரும்" என்று ஒரு எச்சரிக்கை. இப்போது பின்பக்க டயர் ஒன்று லேசாக இறங்கின மாதிரி தெரிகிறது. வண்டிப்பெரியாரில் அவருக்குத் தெரிந்த கடை எதிலும் நைட்ரஜன் இல்லை. கம்பம் வந்து அடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாளாக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார். இது சரியா, நைட்ரஜன் உண்மையிலேயே நல்லதா, மலை ரோட்டுக்கு அதுதான் வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு ஒரே வரிதான். தம்பி, இன்றைக்கே பக்கத்தில் இருக்கும் பஞ்சர் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ சாதாக் காற்றை அடித்துக்கொண்டு இறங்குங்கள். குறைந்த காற்றோடு மலை இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது, கலப்பதில் எதுவும் இல்லை.

கலந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாம் மூச்சு விடுகிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான், மற்றதெல்லாம் சில்லறை. பஞ்சர் கடைக்காரர் அடிக்கிற "சாதாக் காற்றும்" நான்கில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். உங்கள் டயரில் 95 சதவீத நைட்ரஜன் இருக்கிறது, காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ இருக்க வேண்டியது 28-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி 5 பி.எஸ்.ஐ சாதாக் காற்று அடித்தால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ ஆறரை சதவீதத்துக்குப் போகும். அவ்வளவுதான் நடக்கிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் டயருக்குள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. வெளியே நம் வீட்டு முற்றத்தில் எப்படி ஒன்றாகக் கிடக்கின்றனவோ, உள்ளேயும் அப்படித்தான். வெடிக்கும் என்று சொன்னவர், நீங்கள் அடுத்த முறையும் தன் கடைக்கே வர வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவருக்கே யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்றும் கூடுதல் பாரமும்தான். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிர்வதில் வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. லோயர் கேம்ப் தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு தொல்லையும் சேரும். திரும்பும்போது வெளிப்பக்க டயரில் பாரம் சாய்கிறது, இளகிய டயர் பக்கவாட்டில் சரிகிறது, ஸ்டியரிங் சொன்ன இடத்துக்கு வண்டி அரை நொடி தாமதித்து வருகிறது. இறக்கத்தில் பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். இரண்டாவது கியரில் இறங்குகிறவருக்கு அது குறைவு. நியூட்ரலில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு டயரை விடப் பெரிய கவலைகள் உண்டு.

நானும் இந்தத் தொழிலில் இருக்கிறவன்தான். டயர், வீல் அலைன்மென்ட், பாலன்சிங் என்று கம்பத்தில் கடை நடத்துகிறேன். நைட்ரஜன் மெஷினும் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அடித்துக் கொடுக்கிறேன். அதனால் நைட்ரஜனை ஏமாற்று வேலை என்று சொல்லப் போவதில்லை. அதில் உண்மையான நன்மை ஒன்றிரண்டு இருக்கிறது. அந்த நன்மையின் அளவுதான் சொல்லப்படுவதைவிட மிகச் சிறியது.

முதல் நன்மை, மெதுவாகக் கசியும் என்பது. டயர் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் ரப்பர் வழியாக வாயு மிக மெல்லப் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் பியூட்டில் வகை ரப்பரால் ஒரு மெல்லிய பூச்சு வைக்கிறார்கள். முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளிப் பக்கம் மரத்தில் வடிகிற பாலில் இருந்து வருவது இயற்கை ரப்பர். டயரின் உடம்புக்கு அது நல்லது, ஆனால் காற்றைப் பிடித்து வைப்பதில் மோசம். பியூட்டில் ரப்பர் பெட்ரோலியத்தில் இருந்து வருவது. இயற்கை ரப்பரை விடப் பத்து மடங்குக்கும் மேலாகக் காற்றைத் தடுக்கும். இந்தப் பூச்சின் வழியாக ஆக்சிஜன் போகும் வேகம் நைட்ரஜனைப் போல மூன்று நான்கு மடங்கு. "நைட்ரஜன் அணு பெரிசு சார், வெளியே போகாது" என்று கடையில் சொல்வார்கள். மூலக்கூறு அளவில் வித்தியாசம் இருப்பது உண்மைதான், ஆனால் ஆக்சிஜன் 0.346 நானோமீட்டர், நைட்ரஜன் 0.364. சுமார் ஐந்து சதவீத வித்தியாசம்தான். ஆக்சிஜன் ரப்பரில் எளிதாகக் கரைவதும் சேர்ந்துதான் அந்த மூன்று நான்கு மடங்கு வருகிறது.

சரி, கணக்கில் அது எவ்வளவு? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை டயர்களை எடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் சாதாக் காற்றும் ஒன்றில் 95 சதவீத நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ அடித்து, 2006-ல் தொடங்கி ஒரு வருடம் வெட்டவெளியில் அப்படியே போட்டு வைத்தது. வருடக் கடைசியில் சாதாக் காற்று டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ இழந்திருந்தன. நைட்ரஜன் டயர்கள் 2.2 இழந்திருந்தன. வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ, அதுவும் ஒரு வருடம் முழுக்க யாரும் கையே வைக்காதபோது. மாதம் ஒரு முறையாவது காற்றுப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் காற்றழுத்தம் அளக்கும் கேஜில் கண்ணுக்கே படாது.

பெட்ரோல் மிச்சமாகும் என்பதும் இதிலிருந்து கிளம்பிய பேச்சுதான். நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ குறைந்தால் எரிபொருள் செலவு ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்றால் 500 லிட்டர் ஆகிறது. வருடக் கடைசியில் 1.3 பி.எஸ்.ஐ வித்தியாசம் என்றால் சராசரி அதில் பாதி. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் வருடத்துக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவாக மிச்சமாகும். அதற்கு நீங்கள் கொடுத்தது இருநூறு ரூபாய். அந்த முக்கால் லிட்டரும் வருடம் முழுக்கக் காற்றே பார்க்காத ஆளுக்குத்தான் கிடைக்கும். பார்க்கிற ஆளுக்கு மிச்சம் பூஜ்யம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இதையே சொல்கிறது. அழுத்தம் ஒன்றாக இருந்தால் டயர் உருள்வதற்கான எதிர்ப்பில் நைட்ரஜனால் மாற்றம் இல்லை, கசிவு மட்டும் குறைகிறது.

எடை குறையும், வண்டி லேசாக ஓடும் என்றும் சிலர் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் காரின் டயருக்குள் இருக்கும் மொத்தக் காற்றின் எடையே சுமார் 100 கிராம். நைட்ரஜன் அதைவிட மூன்று சதவீதம் லேசு. நான்கு டயருக்கும் சேர்த்து மிச்சமாவது ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் டயர் ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது, மற்ற மூன்றும் நிற்கின்றன. ரப்பர் வழியாகக் கசிவதாக இருந்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கினால் ஆணியோ, வால்வு பின்னோ, ரிம் ஓரத்தில் துருவோ, அலாய் வீலில் மயிரிழை விரிசலோ இருக்கும். அந்த ஓட்டைகளுக்கு நைட்ரஜன் என்றும் ஆக்சிஜன் என்றும் பேதம் கிடையாது, இரண்டும் ஒரே வேகத்தில் போய்விடும். காற்றை அடித்துவிட்டு வால்வு வாயில் சோப்புத் தண்ணீரோ எச்சிலோ தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்வு பின்னை மாற்றினால் போதும், பத்து இருபது ரூபாய் வேலை. குமிழ் இல்லையென்றால் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து வெப்பம். "நைட்ரஜன் சூடாகாது, விரியாது" என்பதுதான் மலைக்குப் போகிறவர்களிடம் அதிகம் விற்கிற வாசகம். இது பொய். மூடிய இடத்தில் இருக்கும் எந்த உலர்ந்த வாயுவும், நைட்ரஜனோ காற்றோ, வெப்பம் ஏறினால் ஒரே விகிதத்தில்தான் அழுத்தம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ வைத்த டயர், ஓடி 60 டிகிரி சூடானால் 37, 38-க்குப் போகும். நைட்ரஜன் என்றாலும் அதே 37, 38. டயர் தயாரிக்கிறவர்கள் இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் டயரை வடிவமைக்கிறார்கள். எனவே தேனியில் இருந்து வெயிலில் ஓட்டி வந்து, கேஜில் 37 பார்த்துப் பதறி, காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை அது 29-ஆக நிற்கும்.

மலை ஏறும்போது டயர் உப்பும் என்கிற பயமும் இந்தப் பக்கம் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. உயரம் போகப் போக வெளி அழுத்தம் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். கம்பம் சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900 மீட்டர். இந்த 500 மீட்டருக்குக் கேஜில் 0.8 பி.எஸ்.ஐ அளவுக்கு ஏறும். ஆனால் மேலே குளிரும். எட்டு டிகிரி குறைந்தால் ஒன்றே கால் பி.எஸ்.ஐ இறங்கும். ஒன்றை ஒன்று கழித்துவிட்டால் மிஞ்சுவது அரை பி.எஸ்.ஐகூட இல்லை. போடியில் இருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவருக்கு ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கும் மேல், அங்கேயும் இதே மாதிரி குளிரும் உயரமும் ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடும். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மூணாறில் விடியற்காலை 10 டிகிரிக் குளிரில் டயரை 33-க்கு நிரப்பிவிட்டு, மத்தியானம் போடியின் 35 டிகிரியில் வந்து நின்று ஆறினால் 35 காட்டும். இதனால் கெடுதல் இல்லை, மறுநாள் காலை வீட்டில் பார்த்துச் சரிசெய்தால் போதும். நைட்ரஜன் அடித்திருந்தாலும் இந்த எண்கள் மாறாது.

நைட்ரஜனுக்கு உண்மையான பெருமை ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அது உலர்ந்த வாயு. கம்ப்ரஸர் வெளிக் காற்றை இழுத்து அமுக்கும்போது அதில் இருக்கும் ஈரமும் சேர்ந்து அமுங்கி, டாங்க்கின் அடியில் தண்ணீராகத் தேங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலை. ஆடி மாதத்தில் குமுளியில் ஒரு கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடினால் டாங்க்கில் சேரும் தண்ணீர் கொஞ்ச நஞ்சம் இல்லை. டாங்க்குக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். தினமும் காலையில் அதைத் திறந்துவிட வேண்டும். நிறையக் கடைகளில் அது துருப்பிடித்துத் திறக்கவே வராது. அப்படிப்பட்ட டாங்க்கில் இருந்து வரும் காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும். டயரை ரிம்மில் ஏற்றும்போது ஓரத்தில் தடவுகிற சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும்.

ஆவி நிலையில் இருக்கும் ஈரத்தால் பெரிய கெடுதல் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகவே உள்ளே இருந்தால்தான் கணக்கு மாறும். 30 டிகிரியில் அந்தத் தண்ணீரின் ஆவி அழுத்தம் 0.6 பி.எஸ்.ஐ. 60 டிகிரியில் அதுவே 2.9. ஆக, டயர் சூடாகும்போது வழக்கமான ஏற்றத்துக்கு மேல் இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ ஏறும். இதற்கு அரை டீஸ்பூன் தண்ணீர் உள்ளே இருந்தாலே போதும். கார் பந்தயத்தில் அரை பி.எஸ்.ஐ ஏறினாலே வளைவில் பிடிப்பு மாறும், அதனால் அங்கே உலர்ந்த நைட்ரஜன் பொருத்தம். நமக்கு இரண்டு பி.எஸ்.ஐ ஏறுவதால் டயருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த ஈரம் வருடக்கணக்கில் இரும்பு ரிம்மின் உட்புறத்தைத் துருவாக்கும், துரு ஏறிய ஓரத்தில் கசிவு தொடங்கும். கம்ப்ரஸரில் நல்ல ஈர வடிகட்டி வைத்து, டாங்க்கைத் தினமும் வடிக்கிற கடையாக இருந்தால் சாதாக் காற்றிலேயே இந்த நன்மை கிடைத்துவிடும். நைட்ரஜன் மெஷின் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்கு அந்த வடிகட்டிக்குச் செலவழித்தால் ஊரில் இருக்கும் எல்லா டயருக்கும் நல்லது என்பது என் கட்சி.

விமானத்துக்கு நைட்ரஜன்தானே அடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், அங்கே அது கட்டாயம். அமெரிக்க விதிப்படி 75,000 பவுண்டு, அதாவது 34 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களின் டயரில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மெக்சிகோவில் மலையில் விழுந்து 167 பேர் இறந்தார்கள். கிளம்பும்போதே பிரேக் ஒன்று அளவு மீறிச் சூடாகி இருந்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாக் காற்று அடித்திருந்தார்கள். அந்தச் சூட்டில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, வானத்தில் வெடித்து எரிபொருள் குழாய்களையும் மின் இணைப்புகளையும் அறுத்துவிட்டது. விமானம் ஓடுதளத்தில் ஓடி வந்து நிற்கும்போது அதன் பிரேக் தாங்கும் வெப்பமும், டயரில் இருக்கும் 200 பி.எஸ்.ஐ அளவிலான அழுத்தமும் வேறு உலகம். குமுளி இறக்கத்தில் உங்கள் கார் பிரேக் எவ்வளவு சூடானாலும் அந்த நிலைமைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. விமானத்தைக் காட்டிக் கார் டயருக்கு விற்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

டயரின் ஆயுள் கூடும் என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் ரப்பருக்குள் ஊடுருவி மெல்ல அதை முறுக்கேற்றிக் கெட்டியாக்குகிறது. நைட்ரஜன் அடித்தால் உட்புறமாக வரும் இந்த மூப்பு குறையும், சோதனைச் சாலைகளில் இது தெரிந்திருக்கிறது. ஆனால் வாரத்தில் பாதி நாள் மலை ரோட்டில் வளைத்து வளைத்து ஓடுகிற உங்கள் டயர், ரப்பர் மூப்படையும் முன்பே தேய்ந்து மொட்டையாகிவிடும். மேற்புறத்தில் வெயிலும் ஓசோனும் செய்கிற வேலையை நைட்ரஜன் தடுக்காது. லாரிக்காரர்களுக்குக் கதை வேறு. இங்கிருந்து திராட்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கோட்டயம், கொச்சி போகிற லாரியின் டயரை மேல் ரப்பர் தேய்ந்ததும் ரீட்ரெட் செய்து, அதாவது புது மேல் ரப்பர் ஒட்டி, மறுபடி மறுபடி ஓட்டுவார்கள். அங்கே டயரின் உடம்பு எத்தனை வருடம் தாங்குகிறது என்பதுதான் காசு. அவர்கள் கேட்டால் நான் நைட்ரஜனைத் தயங்காமல் சொல்வேன். வினோதம் என்னவென்றால் அவர்களில் யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் காரில் வருகிறவர்கள்.

இனி, அடிக்கிற விதம். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏற்கெனவே 28 பி.எஸ்.ஐ சாதாக் காற்று இருக்கும் டயரில், மேலே 5 பி.எஸ்.ஐ நைட்ரஜனை அடித்துப் பச்சை மூடி போட்டுவிட்டால், உள்ளே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறையும். அவ்வளவுதான். அது நைட்ரஜன் டயர் ஆகாது. முதல் முறை அடிக்கும்போது வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்க வேண்டும். அப்போதும் டயருக்குள் வெளிக் காற்று ஒரு பங்கு தங்கி நிற்கும். அதன்மேல் 95 சதவீத நைட்ரஜன் அடித்தால் கிடைப்பது 90 சதவீதம். மறுபடி இறக்கி மறுபடி அடித்தால் 93-க்குப் பக்கத்தில் வரும். இதற்கு நேரம் பிடிக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் செய்ய வேண்டும், இல்லையென்றால் காற்றில்லாத டயர்மேல் வண்டியின் பாரம் உட்கார்ந்துவிடும். சில மெஷின்கள் இறக்கி ஏற்றுவதைத் தாமே செய்யும். இரண்டு நிமிடத்தில் நான்கு டயரும் முடிந்துவிட்டது என்றால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

மெஷின் என்று சொல்வது வெளிக் காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தள்ளுகிற பெட்டி. உள்ளே மெல்லிய சவ்வுக் குழாய்கள் இருக்கும், அல்லது ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் ஒருவகைக் கரித்தூள் இருக்கும். 2021-ல் கொரோனாவின்போது வீட்டுக்கு வீடு தேடிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இதற்கு நேர் எதிர். அதில் ஜியோலைட் என்கிற கனிமம் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். இந்தப் பெட்டிக்கும் ஒரு கம்ப்ரஸர்தான் காற்றுக் கொடுக்கிறது, வடிகட்டியை மாற்றாமல் எண்ணெயும் ஈரமும் ஏறினால் பெட்டி பேருக்குத்தான் ஓடும். உங்கள் கடைக்காரரிடம் சுத்தம் எத்தனை சதவீதம் என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நல்ல கடை. முகத்தைச் சுளித்தால் பச்சை மூடிக்குத்தான் காசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

2019-ல் மாநிலங்களவையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டயர் ரப்பரில் சிலிக்கான் சேர்ப்பதையும் சாதாக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவதையும் கட்டாயமாக்கும் யோசனை இருப்பதாகச் சொன்னார். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டயர் வெடித்து நடந்த விபத்துகளை ஒட்டி வந்த பேச்சு அது. அதைப் பிடித்துக்கொண்டு "கவர்மென்ட்டே சொல்லிருச்சு" என்று இன்றைக்கும் கடைகளில் சொல்கிறார்கள். சிமென்ட் ரோட்டில் மணிக்கு 120, 130-ல் காற்றுக் குறைந்த டயரோடு போனால் நைட்ரஜன் இருந்தாலும் வெடிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஏற்கெனவே நைட்ரஜன் அடித்துவிட்டீர்கள், கிடக்கட்டும், கெடுதல் எதுவும் இல்லை. குறையும்போது எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை அடியுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி, கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாக அடிக்க இனி 200 ரூபாய் கொடுக்க வேண்டாம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு நல்ல டிஜிட்டல் கேஜ் வாங்கி டாஷ்போர்டில் வையுங்கள். பங்க்கில் தரையில் விழுந்து விழுந்து அடிபட்ட கேஜை நம்புவதைவிட அது மேல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டால் அது ஆறிய கணக்கில் சேராது. வழியில் சூடான டயரில் அடிக்க நேர்ந்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் மறுநாள் காலை திருத்திக்கொள்ளலாம்.

எத்தனை வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்த எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. ஸ்டிக்கரில் இரண்டு பேருக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருந்தால் இரண்டையும் படியுங்கள். சபரிமலை சீசனில் ஆந்திரா, கர்நாடகா வண்டிகள் இந்த வழியாகத்தான் வரும், கூட்டத்தைப் பொறுத்துப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியே திருப்பி விடுவார்கள். காரில் ஐந்து பேர் இடத்தில் ஏழு பேர், மேலே இருமுடியும் பாத்திரங்களும். டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் புதிதாக நிற்கும். வெகுநாளாகக் காற்றுக் குறைந்து ஓடியதற்கு அது சாட்சி. "சாமி, காற்றுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று கேட்டால், "நைட்ரஜன் போட்டிருக்கு அண்ணே, பார்க்க வேண்டியதில்லைன்னு சொன்னாங்க" என்று பதில் வரும். நைட்ரஜனால் வருகிற உண்மையான கெடுதல் இந்த ஒரு வாக்கியம்தான்.

நைட்ரஜன் மேல் ஆசை போகவே இல்லை என்றால் ஸ்டெப்னியில் அடித்து வையுங்கள். மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத டயர் அது ஒன்றுதான், மெதுவாகக் கசிவதால் அங்கேதான் ஏதாவது பயன் உண்டு. கடைகளில் நான்கு டயருக்கும் அடித்துவிட்டு ஸ்டெப்னியைத்தான் விட்டுவிடுவார்கள். அதற்கும் கேஜ் வைத்துப் பாருங்கள், ஸ்டிக்கரில் ஸ்டெப்னிக்குத் தனி எண் இருந்தால் அந்த அளவுக்கு வையுங்கள்.

பச்சை மூடி தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த நிற மூடியும் போடலாம், மூடாமல் மட்டும் விடாதீர்கள், மலை ரோட்டுச் சேறு வால்வு பின்னில் போய் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடியே நல்லது. பளபளவென்று விற்கிற உலோக மூடிகள் மழையில் வால்வோடு சேர்ந்து இறுகிப்போய், காற்றுப் பார்க்க நினைக்கும் நாளில் திறக்க வராது.